வலுக்கட்டாயமா எழுப்பக் கூடாது

என் அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் நாலு தடவை ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: டிரைவரின் தங்கச்சி பெங்களூரில் மூளை டாக்டர். நான் டாக்டர் இல்லை. அதை அவனிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கிறல்ல? அப்புறம் என்னா?" என்பான். நான் எலி மூளையைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் அண்ணே, ஒரு மனுஷனுக்கு ஒரு மாத்திரை எழுதித் தர எனக்கு உரிமை கிடையாது என்று சொன்னால், "எலியவே பாக்குறவ மனுசனப் பாக்க மாட்டியா?" என்று கியரை மாற்றிக்கொண்டு போய்விடுவான்.

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி, வரிச்சிக்குடிப் பக்கம் போகும் தனியார் பஸ் அது. லீவில் ஊருக்கு வந்து அதில் ஏறினால் எனக்குத் தொல்லைதான். கோட்டுச்சேரிமேட்டு மீன்கார அம்மா ஒருவர் அன்னக்கூடையை எனக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, ஒங்கண்ணன் சொன்னுச்சு. எம் மருமவளுக்கு ஒத்தத் தலவலி, உசுரே போவுதுங்குறா. என்னா மாத்தர குடுக்கலாம்?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, முன்னால் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டியவன்மேல். கண் டாக்டரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள் என்று ஏதோ சொல்லித் தப்பித்தேன். அடுத்த லீவில் அந்த அம்மா மருமகளுக்குக் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது என்று நாலு கிழங்கா மீனைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தார். அண்ணனுக்கு அது போதாதா? அன்றிலிருந்து என் பேச்சு எடுபடவே இல்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்த காலம் ஒன்று இருந்தது.

என் வேலை என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. மூளைக்கு நடுவே நீர் நிற்கும் குழிகள் உண்டு. அந்தக் குழிகளின் சுவரோரமாகச் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெம் செல் என்பார்களே, அதில் ஒரு வகை. புதிய நரம்பு செல்களைப் பெற்றெடுக்கக்கூடியவை. ஆனால் வளர்ந்த எலியில் அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் உறங்கும். அந்த உறக்கம் தானாக வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் செல் தொட்டுக்கொண்டு ஒரு புரதத்தை நீட்டும். உறங்குகிற செல் தன் மேல்தோலில் இருக்கும் இன்னொரு புரதத்தால் அதைப் பிடிக்கும். பிடித்ததும் அதன் உள்பக்கத் துண்டு ஒன்று அறுந்து, செல்லின் உட்கருவுக்குள் போய், பெருகாதே, கிட என்று சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடும். சுற்றியிருக்கும் திரவத்திலிருந்தும் வேறு புரதங்கள் அதே உத்தரவைக் கொண்டுவந்தபடி இருக்கும். இந்த உத்தரவு குறைந்தால் செல் விழிக்கும், பிரியும், பெருகும். மூளையில் அடிபட்டாலும் சில விழித்து அந்த இடத்தை நோக்கி நகரும். ஆனால் உத்தரவை ஒரேயடியாக அறுத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து விழித்து, கொஞ்ச நாள் அமர்க்களம் செய்து, அதோடு கையிருப்பே தீர்ந்துபோய்விடும். பதினைந்து வருஷமாக நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருப்பது இதில்தான். உறங்கு என்று யார் சொல்கிறார்கள், எந்த வழியாகச் சொல்கிறார்கள், எவ்வளவு குறைத்தால் போதும். எலியில். எல்லாம் எலியில்.

அண்ணனுக்கு வந்தது பொங்கல் கழிந்த வாரம். வரிச்சிக்குடியில் ஆளை ஏற்றிக்கொண்டு கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தும் பஸ் நகரவில்லையாம். கியர் விழவில்லை என்று அவன் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "நேத்துத்தான் ஒர்க் ஷாப்புல விட்டு எடுத்தோம், என்னாத்தப் பாத்தானுவோ" என்று. கண்டக்டர் முன்னால் போய்ப் பார்த்தால் கியரில் ஒரு கோளாறும் இல்லை. அவனுடைய இடது கை கியர் குமிழின் மேல் சும்மா கிடந்தது. அது அவனுக்கே தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பஸ்ஸில் வந்தவர்களே ஒரு கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கிருந்து வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது இரண்டாம் நாள் மத்தியானம். பக்கவாதம், உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு குழறலாக இருந்தாலும் புரிந்தது. இடது காலில் கொஞ்சம் உணர்வு இருந்தது. இடது கையில் ஒன்றுமே இல்லை. அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் ஜாக்கெட் தைப்பவர். ஒரு தடவை அளவெடுத்தால் தப்பாது. காரணம், யார் எது சொன்னாலும் எழுதிக்கொள்வார். "கொஞ்சம் லூசா வச்சுக்குங்க" என்று யாராவது சொன்னால், அங்குலத்தில் எத்தனை நூல் என்று கேட்டு அதையும் எழுதுவார். அந்த அளவு நோட்டைத்தான் பின்பக்கமாகத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, உப்பு எவ்வளவு, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம் குண்டு குண்டான எழுத்தில். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணிக்கு அவன் மட்டும், அவனுக்கு அண்ணி மட்டும்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க. இங்க எல்லாரும் அவசரத்துல பேசிட்டுப் போயிடுறாங்க. மூளையில ஒரு பக்கம் செத்துப்போச்சுங்குறாங்க. செத்தது செத்ததுதானா? திரும்ப வராதா?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்கு நன்றாகத் தெரியும். செத்தது வராது அண்ணி. மிச்சம் இருக்கிற மூளை அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கையையும் காலையும் திரும்பத் திரும்ப அசைக்க வைக்க வேண்டும். வலிக்கும், அழுவான், விடக் கூடாது. இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். இவ்வளவுதான். எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

நான் அதைச் சொல்லவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துச் செத்தது வராது என்று சொல்ல வாய் வரவில்லை. அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் வீட்டில் யாருக்கும் புரியாத என் வேலை முதல் தடவையாக வீட்டுக்கு உதவப்போகிறது என்று எனக்கு ஒரு பெருமை. போயும் போயும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் பெருமை!

"வரும் அண்ணி" என்றேன். "மூளைக்குள்ள தூங்குற செல்லுங்க இருக்கு. நான் அதத்தான பாக்குறேன் இத்தன வருசமா. பக்கத்துல இருக்குற செல்லு அதுக்கு 'நில்லு, நில்லு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், கண்டக்டர் ஒரு விசில் குடுத்து நிறுத்தி வைப்பாருல்ல, அப்புடி. இந்த மாதிரி அடிபட்டா அந்த விசில் நின்னு, ரெண்டு விசில் விழும். அப்ப அது முழிச்சு அடிபட்ட எடத்தத் தேடிப் போவும்."

கட்டிலில் இருந்து அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பிடித்துவிட்டது. இழுத்த வாயோடு, "அப்ப எல்லாத்தையும்... ஒரேயடியா... எழுப்பிவிட வேண்டியதுதான?" என்றான்.

நான் சிரித்தேன். நல்ல கேள்வி கேட்ட மாணவனிடம் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. "அப்படிச் செய்யக் கூடாதுண்ணே. வலுக்கட்டாயமா எழுப்பக் கூடாது. எழுப்பினா எல்லாம் ஒரே மூச்சுல ஓடித் தீந்துடும், அப்புறம் கைவசம் இருக்காது. தானா முழிக்கணும். அதுவரைக்கும் தூங்கவிடணும்."

"தானா முழிச்சுக்குமா பாப்பா?" என்றார் அண்ணி.

"முழிச்சுக்கும் அண்ணி."

எலியில் என்ற ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. அந்த எலியிலும் விழித்துப் போகிற செல்களில் பெரும்பாலானவை போகிற வழியிலேயே செத்துவிடும் என்று சொல்லவில்லை. வளர்ந்த மனிதர் மூளையில் புது நரம்பு செல் பிறக்கிறதா இல்லையா என்பதிலேயே எங்கள் துறை ஆட்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லவில்லை. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். நான் கீழே போய் மூன்று டீ வாங்கிவந்தேன்.

ஐந்து நாள் இருந்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பினேன். ஒரு கட்டுரையை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது, இரண்டு மாணவர்களுக்கு ஆய்வேடு கெடு. எல்லோருக்கும் இருக்கும் சாக்குகள்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்த நேரம் பார்த்து அண்ணிக்குப் போன் போடுவேன். "எப்புடி இருக்கான்?" "நல்லா இருக்காரு பாப்பா. நல்லாத் தூங்குறாரு." பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்பேன். நோட்டைப் பார்த்து ஒன்றுகூடத் தப்பாமல் சொல்வார். கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோகாரர் வந்தாரா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். வந்துட்டுப் போனாரு என்றார். அண்ணியைப்போல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளும்போது நமக்கு என்ன கவலை என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன். நாலு மாதம்.

மே மாதம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். காலை பத்து மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குள் ஜன்னல் எல்லாம் சாத்தி சேலை கட்டியிருந்தது. டிவிமேல் ஒரு துணி. அண்ணி வாசலிலேயே உதட்டில் விரல் வைத்து, "இப்பத்தான் கண்ணு அசந்தாரு" என்று ரகசியமாகச் சொன்னார். தையல் மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றியிருந்தார், சத்தம் கேட்கக் கூடாதென்று.

அண்ணன் படுத்திருந்தான். நன்றாகச் சதை போட்டிருந்தான். உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை, நகம் வெட்டி, முகம் வழித்து, பவுடர்கூடப் போட்டிருந்தது. இடது கை ஒரு தலையணைமேல் துண்டு போர்த்திக் கிடந்தது. துண்டை எடுத்தேன். முழங்கை மடிந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து, விரல்கள் ஐந்தும் உள்ளங்கைக்குள் இறுகிப் பூட்டிக் கிடந்தன. விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அண்ணி சுத்தமான பஞ்சை உருட்டி வைத்திருந்தார். நான் சுண்டு விரலை மெல்லப் பிடித்துத் திறந்து பார்த்தேன். அவன் அலறிக்கொண்டு விழித்தான்.

"என்ன அண்ணி இது?" நான் கத்திவிட்டேன். "கை இப்படிப் போற வரைக்கும் என்ன பண்ணீங்க? பிசியோ வரலியா? யாரும் பயிற்சி குடுக்கலியா?"

அண்ணி பயப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான் ஏதோ சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து விரித்து என் முன்னால் வைத்தார். பிரஷர் மாத்திரைக்கும் உப்பில்லாக் கஞ்சிக்கும் நடுவில், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இருந்தது. "வலுக்கட்டாயமா எழுப்பக் கூடாது. எழுப்பினால் தீர்ந்துவிடும். தானா முழிக்கும். அதுவரைக்கும் தூங்கவிடணும். பாப்பா சொன்னது."

"அந்த பிசியோ தம்பி வந்துச்சு பாப்பா. கையப் புடிச்சு இழுத்து, மடக்கி, இவரு கத்துன கத்துல தெருவே கூடிப்போச்சு. நாந்தான் சொல்லிட்டேன், எங்க நாத்தனா மூளைய ஆராய்ச்சி பண்றவங்க, வலுக்கட்டாயமா ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னுருக்காங்க, நீங்க போங்க தம்பின்னு. திரும்பத் திரும்ப வந்துச்சு. நான் விடல." கடைசி வார்த்தையை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

மாதாவே என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணி, "என்னா பாப்பா, வெயில்ல வந்தீங்களே, மோர் தரட்டா?" என்று கேட்டார்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிக்கொண்டு அன்றைக்கே போனேன். டவுனில் ஒரு சின்ன கிளினிக். முப்பது வயது இருக்கும், முஸ்லிம் பையன், பொறுமையான முகம். அண்ணன் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, நீங்கதான் அந்த நியூரோ டாக்டரா?"

"நான் டாக்டர் இல்ல தம்பி. எலி மூளையில ஆராய்ச்சி பண்றேன்."

"எலியா?"

"எலி."

அவன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "நான் மூணு தடவ வந்தேங்க்கா. மூணாவது தடவ அவங்க கதவையே தொறக்கல. பெரிய டாக்டர் ஏதோ புது ட்ரீட்மெண்ட் சொல்லியிருக்காங்க போல, நாம குறுக்க நிக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். நான் இன்னும் வந்திருக்கணும். என்மேலயும் தப்பு இருக்கு." ஆண்டவரே, இவனும் தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறானே என்று நினைத்தேன்.

"இனிமே?" என்றேன்.

"காலு வரும்க்கா. கம்பு புடிச்சு நடக்க வச்சிடலாம், இன்ஷா அல்லா. கை..." என்று நிறுத்தினான். "மொத மாசங்கள்ல மூளை வேகமா கத்துக்கும். அந்த நேரம் போயிடுச்சு. தசையும் சுருங்கி இறுகிப்போச்சு. வலி இல்லாம கொஞ்சம் விரிக்கலாம், சட்ட போட்டுக்குற அளவுக்கு. வண்டி ஓட்டுறதெல்லாம் நினைக்காதீங்க."

மறுநாளே வரச்சொன்னேன். அண்ணியிடம் என்ன சொல்வது? வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னா பாப்பா சொன்னாங்க? முழிக்கிற நேரம் வந்துடுச்சாமா?" என்று கேட்டார். "ஆமா அண்ணி. நாலு மாசம் தூங்கவிட்டது போதும். இனிமே கொஞ்சம் கொஞ்சமா எழுப்பலாம்" என்று சொன்னேன். அண்ணி ஜன்னல் சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்து வந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று எழுத வேண்டாம். பிசியோ தம்பி தினம் வந்தான். அண்ணன் கத்துவான், வலது கையால் தள்ளிவிடுவான், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்வான். அவ்வளவும் முடிந்ததும், "தம்பி, டீ சாப்ட்டுட்டுப் போ" என்பான். கால் அசைந்தது. சுவரைப் பிடித்து நின்றான். கை நெஞ்சைவிட்டுக் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். விரல்களைத் தம்பி விரித்துவிட்டால் விரியும், விட்டால் மூடிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி காலைப் பூசைக்குப் போனார். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். லீவு முடிகிறது, இனி சொல்லாமல் போனால் நான் மனுஷியே இல்லை என்று முடிவுசெய்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது எலிக் கதை என்று. அதற்கும் கைப்பயிற்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று. செல்லை வலுக்கட்டாயமாக எழுப்புவது வேறு, கையை அசைப்பது வேறு என்று. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் கைக்கு ஒரு வழி இருந்திருக்கும் என்று.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்ப அந்தச் செல்லு?" என்றான். "ரெண்டு விசில் விழும்னியே. அது பொய்யா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீணாய்ப் போன மாதங்களைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் இன்னமும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். நாலு மாதம் அந்த இருட்டு அறையில், சத்தம் காட்டாமல், தன் தலைக்குள் ஒன்று விழிக்கப்போகிறது என்று நம்பிப் படுத்திருந்திருக்கிறான்.

"மனுசனுக்கு இன்னும் யாருக்கும் தெரியாதுண்ணே."

"ஒன் எலிக்கு?"

"எலிக்குக் கொஞ்சம் வருது. அதுலயும் நெறைய போற வழியிலேயே செத்துடும்."

"குடுத்துவச்ச எலி" என்று அரை வாயால் சிரித்தான். சிரித்தவன் அப்படியே அழ ஆரம்பித்தான். நானும் அழுதேன். இந்த நோய் வந்தவர்களுக்குச் சிரிப்பும் அழுகையும் கட்டுக்குள் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவனுடையது அது இல்லை என்றும் தெரியும். அழுது முடித்து, நல்ல கையால் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "ஒங்கண்ணிகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல. வந்ததும் சொல்லப்போறேன். மன்னிப்புக் கேக்கணும்."

"சொல்லாத."

"அண்ணே, தப்பு என்னோடதுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"நீ ஒன் தப்புன்னுதான் சொல்லுவ. அவ காதுல அது விழாது புள்ள. வாசல்ல நின்ன ஆளத் திருப்பி அனுப்புனது அவ. மூணு தடவ அனுப்பியிருக்கா. கதவச் சாத்தியிருக்கா. அவளுக்கு அது மட்டுந்தான் கேக்கும்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எம் பீயள்ளிப் போட்டு, ராத்திரி பகல் பாக்காம, ஒரு புண்ணு இல்லாம வச்சிருக்கா. தான் பாத்த பார்வையிலதான் இந்தக் கை போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா என்னா ஆவா? கை போனது போச்சு. அவளையும் சேத்துப் படுக்க வச்சிடாத."

"அப்ப நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?"

"இது வரைக்கும் என்னா சொன்னியோ அதச் சொல்லு. நீ சொன்னா நம்புவா."

அண்ணி பூசை முடிந்து வந்து, எங்கள் இரண்டு பேர் கண்ணும் சிவந்திருப்பதைப் பார்த்து, "என்னா, அண்ணனும் தங்கச்சியும் அம்மாவ நெனச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

இப்போது அண்ணன் கம்பு பிடித்துத் தெருமுனை வரை நடக்கிறான். பஸ்ஸை வேறொருவர் ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நேரம் குறிக்கிற வேலை தருகிறேன் என்று முதலாளி இரண்டு தடவை வீடு தேடி வந்து கேட்டார். இவன் போகவில்லை. நான் பெங்களூரில் என் மேஜையில் உட்கார்ந்து அதே செல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வேலையில் எனக்கு வெறுப்பு வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன ஞாயிறு அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். போனை அண்ணன் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, பாருங்க, பாருங்க, சுண்டு வெரலு! நேத்திலேருந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். எது அசைந்தது, எது அசைந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது என்று பிரித்துச் சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு. அண்ணன் தோளைத் தூக்கினான். தோளோடு கை வந்தது, கையோடு விரல் வந்தது. விரல் தன்னால் அசையவில்லை. அண்ணி இன்னொரு தரம் செய்யச் சொன்னார். அவன் தோளைத் தூக்கினான்.

"அசையுதுல்ல பாப்பா? முழிச்சிக்கிச்சுல்ல?"

திரையின் ஓரத்தில் அண்ணன் முகம் பாதி தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அசையுது அண்ணி" என்றேன்.

அண்ணி போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு அழுதார். மாதாவே, மாதாவே என்று அவர் சொல்வது கேட்டது. சாய்ந்து கிடந்த திரையில் அண்ணனின் வலது கை வந்து அண்ணியின் தலையைத் தடவியது. பிறகு அவன் போனை எடுத்து, என்னைப் பார்த்து, போதும் வை என்று தலையசைத்தான். நான் வைத்துவிட்டேன்.